வெறும் டப்பாவும் ஆறு துண்டு மீனும்: லாங் ஐலண்ட் போய் வந்த கதை

மருமக்களே, இப்போது நான் சொல்லப்போவதை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை. வலது கையை நெஞ்சில் வைத்து, இடது கையில் காப்பி டம்ளரைப் பிடித்துக்கொண்டு, இதை நான் முன்கூட்டியே உறுதியளிக்கிறேன். நம்பாதவர்கள் கட்டுரையின் கடைசிக்குப் போய்க் கட்டண விவரத்தை மட்டும் குறித்துக்கொள்ளலாம். அது உங்கள் இழப்பு.

முதலில் ஏன் போனேன் என்பது. போன செப்டம்பர் கடைசியில் என் மனைவி சரோஜா, மகளின் பிரசவத்துக்காகப் புனே போனாள். கரூரில் மூன்று படுக்கையறை வீட்டுக்கு நான் ஒருவனே சக்கரவர்த்தி. சாப்பாட்டு மேசையின் நாலு நாற்காலியிலும் மாறி மாறி உட்கார்ந்து சாப்பிட்டேன். டிவி ரிமோட்டுக்குப் போட்டியே இல்லை. ராஜ வாழ்க்கை! ஒரே ஒரு சிறு குறை. நாலாவது மாதத்தில் ஒரு நாள் குக்கர் விசில் அடித்தபோது, “இதோ வந்துட்டேன்மா” என்று நான் பதில் சொல்லியிருக்கிறேன். குக்கரும் மேற்கொண்டு இரண்டு விசில் பேசியது. நாங்கள் இருவரும் நல்ல உரையாடலில் இருந்தோம்.

அப்போதுதான் எனக்கு அறிவியல் ஆர்வம் பொத்துக்கொண்டு வந்தது. கரூரில், பஸ் ஸ்டாண்டிலிருந்து எண்ணூறு மீட்டரில் இருக்கிற மனிதனுக்கே இப்படி என்றால், நடுக்கடலில் ஒரு தீவில் தனியாக இருப்பவன் யாரோடு பேசுவான்? நூறு பக்க நோட்டு ஒன்றை வாங்கினேன். அட்டையில் ‘தனிமை ஆராய்ச்சி’ என்று எழுதினேன். ஜனவரி மூன்றாம் வாரம் அந்தமானுக்கு டிக்கெட் போட்டேன். சர்க்கரை ஆலை எடைமேடையில் முப்பத்திரண்டு ஆண்டு கரும்பு லாரிகளை எடை போட்டு ஓய்வு பெற்றவன் நான். எதையும் எடை போட்டுப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். ஒரு வழிக்கு 6,850 ரூபாய். போர்ட் பிளேயருக்கு இப்போது அரசாங்கத்தில் புதுப்பெயர் வைத்திருக்கிறார்கள். ஆட்டோக்காரர்கள் இன்னும் பழைய பெயரில்தான் வண்டி ஓட்டுகிறார்கள். ஜங்லிகாட் என்ற நெருக்கடியான கடைத்தெருப் பகுதியில் ஒரு லாட்ஜில் இறங்கினேன். ஆட்டோவுக்கு நூறு ரூபாய், அறை வாடகை ஒரு நாளைக்கு 1,100. ஆட்டோக்காரர் பையைத் தூக்கிக் கொடுத்தபடி, பின்சீட்டில் இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

“அகேலா?” என்றார்.

தனியாகவா வந்தீர்கள் என்று அர்த்தம். இந்தத் தீவுகளில் வங்காளி, தெலுங்கர், மலையாளி, தமிழர் எல்லோரும் பொதுவாகப் பேசுவது ஒருவகை இந்தி. அதில் நான் முதலில் கற்ற சொல் இதுதான். லாட்ஜ்காரர் கேட்டார், டீக்கடைக்காரர் கேட்டார், கப்பல் டிக்கெட் கவுண்டரில் எனக்கு முன்னால் நின்ற அம்மாளும் கேட்டார். ஆராய்ச்சியாளன் நானா இவர்களா என்றே புரியவில்லை. வடக்கே லாங் ஐலண்ட் என்ற சின்னத் தீவுக்குப் போக டிக்கெட் வாங்க, ஃபீனிக்ஸ் பே துறைமுகக் கவுண்டரில் ஒரு மணி ஐம்பது நிமிடம் வரிசையில் நின்றேன். உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு விலை, நம்மைப் போன்ற மெயின்லேண்ட்காரர்களுக்கு வேறு விலை. நான் கொடுத்தது 420 ரூபாய்.

அந்த வரிசையில் நடந்த உலக யுத்தத்தில் என் தோள்பையின் பட்டை அறுந்துபோனது. ஜங்லிகாட்டில் லாட்ஜுக்கு நாலாவது கடை, ஒரு தையல் கடை. உள்ளே மாதா படம், அதன் கீழே ஓடும் மெஷின், மெஷினுக்குப் பின்னால் பிலோமினா. ஐம்பத்தைந்து வயது இருக்கும். குடும்பம் தூத்துக்குடிப் பக்கக் கடற்கரையிலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் கப்பலேறி வந்ததாம். பட்டையைத் தைத்துக்கொண்டே கேட்டார்.

“மெட்ராசா, அண்ணாச்சி?”

“கரூர்.”

“அகேலாவா வந்திய?”

இவருமா! “ஆமாம்மா, அகேலாதான். நாளைக்கு லாங் ஐலண்ட் போறேன்” என்றேன்.

மெஷின் நின்றது. “லாங் ஐலண்டா? காலைல ஷிப்பா? ஏய்யா, இத முதல்லயே சொல்லக்கூடாதா? பட்டைக்கு நாப்பது ரூவா வேண்டாம். நாளைக்கு அஞ்சு மணிக்கு ஒரு டப்பா தாரேன். அங்க கப்பல் நிக்குற ஜெட்டில சூசைன்னு எங்க அண்ணன் நிப்பான். அவன் கையில குடுத்துட்டு, அவன் திருப்பித் தாரத வாங்கிட்டு வாங்க. டீக், சரியா?”

இங்கே தீவுக்குத் தீவு இப்படித்தான் நடக்கிறது. நீங்கள் யாராக இருந்தாலும் சரி, கப்பல் ஏறுகிறீர்கள் என்று தெரிந்தால் உங்கள் கையில் ஒரு பொட்டலம் ஏறிவிடும். மருந்து, மோட்டார் பெல்ட், கல்யாணப் பத்திரிகை, முருங்கைக்காய். யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை, யாரும் வைத்துக்கொள்வதும் இல்லை. பாத்திரம் வந்தால் அதை வெறுமையாகத் திருப்பி அனுப்புவதும் இல்லை.

“ஃபோன்ல சொல்லிடுங்க, நான் வர்றேன்னு” என்றேன்.

“ஃபோனா? எட்டு வருசமாப் பேச்சு இல்ல, அண்ணாச்சி.”

கதை இதுதான். அண்ணனும் தங்கையும் லாங் ஐலண்டில் பிறந்து வளர்ந்தவர்கள். முன்பு அங்கே காட்டு மரம் வெட்டி அனுப்பும் வேலை மும்முரமாக நடந்ததாம். அது நின்றபின் ஒவ்வொரு குடும்பமாகப் போர்ட் பிளேயருக்குப் போய்விட்டது. பிலோமினாவும் கிளம்பினார், தனிக்கட்டையான அண்ணனையும் கூப்பிட்டார். படகு இன்ஜின் மெக்கானிக்கான அண்ணன், “போறவ போ. நான் வரல” என்றார். “இனிமே நானாப் பேசினா ஏன்னு கேளு” என்று தங்கை சொல்ல, “நான் பேசினாத்தான?” என்று அண்ணன் சொல்ல, அதோடு முடிந்தது பேச்சு. ஆனால் டப்பா மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. எட்டு வருடமாக, ஆள் கிடைக்கிற கப்பலில் எல்லாம்.

“உள்ள என்னன்னு எழுதியாவது வைப்பீங்களா?”

“எதுக்கு? திறந்தாத் தெரியும்லா? எனக்கும் அங்கேர்ந்து வந்தத திறந்தாத் தெரியும். கருவாடு பெரிசா இருந்தா உடம்பு நல்லாருக்கான். சின்னதா இருந்தா கடலுக்குப் போகல, காய்ச்சல்.”

மறுநாள் காலை ஐந்து மணிக்கு டப்பா என் கைக்கு வந்தது. எவர்சில்வர். தையல் மிச்சப் பூப்போட்ட துணியில் கட்டி, மேலே கெட்டியாக ஒரு முடிச்சு. “சீலா மீன் வறுவல் ஆறு துண்டு. புளிச்சோறு. சாயாம பிடிச்சுக்கிடுங்க” என்றார். ஏதாவது ஆனால் கூப்பிடச் சொல்லித் தையல் கடை ரசீதில் தன் எண்ணையும் எழுதிக் கொடுத்தார்.

6.15-க்குக் கப்பல் கிளம்பியது. ஹேவ்லாக் தீவு வழியாகப் போகும். மொத்தம் எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் என்றார்கள். அலைகள் ஒவ்வொன்றும் பனைமர உயரம். ஒரு அலையின் உச்சியில் இருந்தபோது கரூர் பசுபதீஸ்வரர் கோயில் கோபுரத்தை என் கண்ணால் பார்த்தேன். சாப்பிட என்ன எடுத்து வந்தாய் என்று கேட்காதீர்கள். ஒன்றும் எடுத்து வரவில்லை. நாலு மாதமாக எனக்கு யாரும் எடுத்து வைப்பதில்லை என்பது அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. கப்பலில் டீயும் பிஸ்கட்டும் கிடைத்தன.

7.10-க்கு வாசனை வந்தது.

மருமக்களே, வறுத்த சீலா மீனின் வாசனை என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியாது. எஃகு டப்பா, இரண்டு மடிப்புத் துணி, ஒரு ரெக்ஸின் பை எல்லாவற்றையும் ஊடுருவிக்கொண்டு அது வந்தது. நான் கடலைப் பார்த்தேன். கடலிலும் மீன்தான்.

8.50-க்கு ஹேவ்லாக். பாதிக் கப்பல் அங்கே காலியானது; தேனிலவு ஜோடிகளும் முதுகுப்பை ஆட்களும் இறங்கினார்கள். எதிர் பெஞ்சில் ஒரு குடும்பம் பூரிப் பொட்டலத்தைப் பிரித்தது. அந்தச் சத்தத்தில் நான் முடிச்சை அவிழ்த்தேன். வெயில் ஏறுகிறதே, மீன் கெட்டிருந்தால் பாவம் அந்த சூசையின் வயிறு என்னாவது? பொறுப்புள்ள தூதன் சோதித்துப் பார்க்க வேண்டாமா? ஒரு துண்டு. கெடவில்லை. ஆனால் ஒரு மாதிரியை மட்டும் வைத்து முடிவுக்கு வருவது எடைமேடை விதிகளுக்கு விரோதம். இரண்டாவது துண்டு. 9.40-க்கு மூன்றாவது. அப்புறம் சோறு மீன் இல்லாமல் வாடுகிறதே என்று சோறு. சோற்றுக்குத் துணையாக மேலும் இரண்டு. 10.35-க்குப் பார்த்தால் அவ்வளவு பெரிய டப்பாவில் ஒரே ஒரு துண்டு மட்டும் தன்னந்தனியாகக் கிடக்கிறது. தனிமை ஆராய்ச்சிக்குக் கிளம்பியவன் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

டப்பாவைக் கப்பல் குழாயில் கழுவினேன். துடைத்தேன். துணியில் வைத்து மறுபடி கட்டினேன். தீவில் இறங்கியதும் ஏதாவது கடையில் நல்ல பலகாரமாக வாங்கி நிரப்பிவிடலாம் என்பது திட்டம். மாபெரும் திட்டம்.

11.40-க்கு லாங் ஐலண்ட். கப்பல் வருகிற நேரத்தில் ஊரில் பாதிப்பேர் ஜெட்டியில் நிற்கிறார்கள். யாருக்கும் யாரும் வருவதாகத் தெரியவில்லை, ஆனாலும் நிற்கிறார்கள். முதலை எச்சரிக்கைப் பலகை ஒன்றும் நிற்கிறது. அதன் கீழே இருபத்தெட்டு அடி முதலை ஒன்று என்னைப் பார்த்து, “அகேலா?” என்று கேட்டதைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், விட்டுவிடுகிறேன். கடை எங்கே என்று நான் தேடுவதற்குள் ஒருவர் கூட்டத்திலிருந்து பிரிந்து நேராக என்னிடம் வந்தார். அறுபது வயதுக்கு மேல். கை நகங்களில் கிரீஸ். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை; கையில் இருந்த பூப்போட்ட துணியைத்தான் பார்த்தார்.

“ஜங்லிகாட் டப்பாதான?” என்று வாங்கிக்கொண்டார்.

வாங்கியதும் கையை ஒருமுறை மேலும் கீழுமாக அசைத்தார். கரும்பு லாரி மேடை ஏறியதும் முள் துள்ளும். அதைப் பார்த்தே நான் பாரத்தைச் சொல்லிவிடுவேன். இந்த மனிதரின் முகத்தில் முள் பூஜ்யத்தில் நின்றது.

“கனமே இல்லியே” என்றார். பிறகு முடிச்சைத் தடவினார். “இது அவ முடிச்சும் இல்லியே.”

எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்கள்? இவர்கள் அப்பா வலை பின்னுகிறவர். பிள்ளைகள் இருவருக்கும் வலைமுடிச்சுதான் கையில் வரும். நான் போட்டிருந்தது சர்க்கரை மூட்டை முடிச்சு.

அவர் அங்கேயே, ஜெட்டியின் கான்கிரீட்டிலேயே உட்கார்ந்து பிரித்தார். பளபளவென்று கழுவித் துடைத்த வெறும் டப்பா. மூடியைக் கவிழ்த்து உள்பக்கமும் பார்த்தார். அப்புறம்தான் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, உங்க கையில இத யாரு குடுத்தா?”

“பிலோமினாம்மாதான்.”

“அவளேவா? நிக்காளா, படுத்திருக்காளா?”

“நல்லா இருக்காங்க. மெஷின் ஓட்டிக்கிட்டு இருந்தாங்க.”

“நல்லாருக்கான்னு சொல்ற மூஞ்சியா இது?” அவர் குரல் உடைந்தது. “எட்டு வருசத்துல ஒரு நாளும் வெறும் டப்பா வந்ததில்ல. புயல்ல வந்துச்சு, கொரோனாவுல வந்துச்சு. வேற கை முடிச்சுப் போட்டு வெறும் டப்பா வந்தா என்ன அர்த்தம்? அக்கம்பக்கத்துல எவனோ கட்டிக் குடுத்திருக்கான். வாயால சொல்ல முடியாததத்தான டப்பாவுல சொல்லி விட்டிருக்கான்? சச்சா, நெசத்தச் சொல்லுங்க. அவ உசுரோட இருக்காளா?”

என் வாழ்நாளில் நான் சொல்லாத பொய் இல்லை. யானையைக் கையால் தள்ளினேன் என்று சொல்லியிருக்கிறேன். நாலு பேர் நம்பியிருக்கிறார்கள். இப்போது எனக்கு ஒரு பொய்யும் வரவில்லை.

“மன்னிச்சுக்கோங்க. நான்தான் தின்னேன்.”

“என்னது?”

“கப்பல்ல. பசி. ஆறு துண்டையும், சோத்தையும். நான்தான் கழுவினேன். முடிச்சும் என்னுதுதான்.”

அவர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். மெதுவாகத் தலையை ஆட்டினார்.

“பெரிய மனுசன் நீங்க. என் மனசைத் தேத்தப் பாக்குறிய. அவ அடைக்குற சோறு மூணு ஆளு திங்கும். பிறத்தியார் டப்பாவை எவனாவது திறப்பானா? இந்தத் தீவுல களவாணிப்பயகூடத் திறக்க மாட்டானே. போங்க அண்ணாச்சி, இப்படி ஒரு பொய்யா!”

பார்த்தீர்களா? அறுபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக ஜெட்டியில் நின்று ஒரு முழு உண்மையைச் சொல்கிறேன், நம்ப ஆள் இல்லை.

அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். ஒரு தெலுங்கு அம்மாள் டப்பாவைப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். சூசை எழுந்து, நான் வந்த கப்பலைப் பார்த்தார். அது கயிறு அவிழ்த்து நகர்ந்துகொண்டிருந்தது. போர்ட் பிளேயருக்கு அடுத்த கப்பல் நாளை மறுநாள். பக்கத்துத் தீவின் யெராட்டா துறைக்குப் போகும் சின்னப் படகைப் பிடித்து, ரங்கத் என்ற ஊரில் பஸ் ஏறிச் சாலை வழியாகப் போகலாம். ஆனால் நடுவில் காட்டுக்குள் வண்டிகளை நேரக் கணக்கில் கூட்டமாகத்தான் விடுகிறார்கள். அன்றைக்குள் போய்ச் சேர முடியாது. அவர் எல்லாவற்றையும் விரல் மடக்கிப் பார்த்துவிட்டு மடக்கிய விரலோடு நின்றார்.

“என்கிட்ட நம்பர் இருக்கு” என்று ரசீதை எடுத்தேன். “பேசிடுங்க.”

“அவ நம்பர் மாத்திட்டா. எங்கிட்ட இல்ல.”

“இது புது நம்பர்தான். அவங்களே எழுதினது.”

அவர் ரசீதை வாங்கி, எண்ணைப் பார்க்காமல் எழுத்தைப் பார்த்தார். “கை நடுங்கல” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஜெட்டியின் கடைசி முனையில், மூன்றாவது தூணருகே மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே போய் என் ஃபோனிலேயே நான் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து அவர் கையில் கொடுத்தேன். ஐந்து முறை அடித்தது.

“ஹலோ?” பிலோமினாவின் குரல். பின்னால் மெஷின் சத்தம். “ஹலோ, கோன்? யாரு?”

சூசைக்குப் பயம் தீர்ந்துவிட்டது; குரல் கேட்டாகிவிட்டது. உடனே எட்டு வருட வீம்பு திரும்பி வந்துவிட்டது. என்னிடம் ஃபோனைத் திருப்பித் தருவதற்குக் கையை நீட்டினார். நான் என் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். என் வாழ்வில் நான் செய்த ஒரே வீரச்செயல் அதுதான்.

“கோன் போல் ரஹா? வைக்கப்போறேன்...”

“ஏட்டி” என்றார் சூசை. “நீ உசுரோடதான் இருக்கியா?”

மெஷின் சத்தம் நின்றது. எடைமேடைக்காரன், நேரம் பார்த்தேன்: பதினான்கு நொடி.

“எதுக்குக் கேக்க? செத்தாத்தான் பேசுவேன்னு இருந்தியோ?”

“சும்மா கேட்டேன்.”

“எட்டு வருசங்கழிச்சுச் சும்மா கேக்கானாம்!” மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, “டப்பா வந்துச்சா? மீனு எப்படி இருந்துச்சு?”

சூசை என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு மெதுவாக என் வயிற்றைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. நான் முதலைப் பலகைக்குப் பின்னால் ஒளிய இடம் இருக்கிறதா என்று பார்த்தேன்.

“உப்பு கொஞ்சம் கூட” என்றார் சூசை.

“என்னது, உப்பு கூடவா? என் வாயில வருது பாரு! எனக்கு மீனுக்கு உப்புப் போடத் தெரியாதா? நீ போன மாசம் அனுப்புன கருவாட்டுல...”

நான் அந்த இடத்தை விட்டு நகர்ந்தேன். உப்பைப் பற்றிய அந்தச் சண்டை இருபத்தாறு நிமிடம் நடந்தது. பாட்டரி பதினொரு சதவீதத்துக்கு வந்தபோது சூசை ஃபோனைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன.

“ஆறு துண்டும் நெசமாவே நீங்கதானா?”

“ஆமா.”

“சோறும்?”

“ஆமா.”

“அடப்பாவி மனுசா” என்று என் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நான் அறுநூறு ரூபாய்க்கு ஒரு அறை பேசி வைத்திருந்தேன். அதை அவர் காதிலேயே வாங்கவில்லை. நேராக அவர் வீட்டுக்குத்தான்.

இனி ஊரைப் பற்றிக் கொஞ்சம். லாங் ஐலண்டில் கார், ஆட்டோ எதுவும் என் கண்ணில் படவில்லை, சிமெண்ட் நடைபாதைதான். ஏடிஎம்மும் நான் பார்க்கவில்லை. மறுநாள் காலை லாலாஜி பே கடற்கரைக்குச் சூசையோடு காட்டு வழியாக நடந்தேன். போக ஒரு மணி நாற்பது நிமிடம். மழை பெய்திருந்தால் வழுக்கும். படகில் போனால் பதினைந்து இருபது நிமிடம்தான், பேரம் பேச வேண்டும். மணல் வெள்ளை. தண்ணீர் எத்தனை தெளிவு என்றால், நான் கழுத்தளவில் நின்று என் கால் நகத்தை வெட்டிக்கொண்டேன்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் நோட்டைத் திறந்து ஆராய்ச்சிக் கேள்வியைக் கேட்டேன். “இவ்வளவு நாள் இங்க தனியா இருந்தீங்களே, கஷ்டமா இல்லையா?”

சூசை மணலில் ஒரு சிப்பியை எடுத்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார். “தனியா எங்க இருந்தேன்? கப்பல் வந்தா டப்பா வரும். நான் ஒண்ணு தேடி நிரப்பணும். அதுக்கே ரெண்டு நாளு போயிரும். நேத்து ஒரு நிமிசம், கையில கனமில்லாம வந்துச்சு பாருங்க... அந்த ஒரு நிமிசந்தான் அண்ணாச்சி அகேலா.”

நூறு பக்க நோட்டில் எழுதியிருப்பது இந்த ஒன்று மட்டும்தான். மீதி தொண்ணூற்றொன்பது பக்கம் பால் கணக்குக்கு ஆகும்.

மூன்றாம் நாள் திரும்பும் கப்பலுக்கு டப்பா தயாரானது. உள்ளே கருவாட்டுப் பொடி, வறுத்த தேங்காய். மேலே ஒன்றல்ல, ஏழு வலைமுடிச்சு. பிறகு வாழையிலையில் கட்டிய வேறொரு பொட்டலத்தை என் கையில் வைத்தார். “இது உங்களுக்கு. சோறும் நண்டும். டப்பா பக்கம் போவாதிய.” கப்பல் நகரும்போது கையைக் குவித்துக் கத்தினார்: “மழைக்கு முந்தி ஒரு தடவை வாரேன்னு அவகிட்ட சொல்லுங்க!” நான் சரி என்று கையசைப்பதற்குள், “வேண்டாம், வேண்டாம்! நானே சொல்லிக்கிடுதேன்!” என்றார்.

ஜங்லிகாட்டில் டப்பாவைப் பத்திரமாக ஒப்படைத்தேன். பிலோமினா முடிச்சுகளை எண்ணிப் பார்த்து, “என்ன, ஏழு போட்டிருக்கான்?” என்று ஆச்சரியப்பட்டார். நான் கூரையைப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, மனதில் அரித்ததைக் கேட்டார்.

“அண்ணாச்சி, நீங்களும் அவன்கூடத்தான சாப்பிட்டிருப்பிய? நெசமாவே உப்பு கூடவா?”

“சேச்சே! ஆறு துண்டிலயும் உப்பு ஒரே சீரா...” என்றேன். சொன்னபின்தான் நாக்கைக் கடித்தேன்.

“நான் வச்சதே ஆறுதான” என்றார் பிலோமினா.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். வெறும் டப்பா, என் முடிச்சு, அண்ணன் ஜெட்டியில் உட்கார்ந்தது, உசுரோட இருக்காளா என்று கேட்டது. அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திரும்பி உட்கார்ந்து மெஷினை ஓட்டினார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், மெஷினில் துணியே இல்லை.

“இது தெரிஞ்சிருந்தா” என்றார் கடைசியில், எனக்கு முதுகைக் காட்டியபடியே, “எட்டு வருசத்துக்கு முன்னாடியே வெறும் டப்பாவ அனுப்பியிருப்பேன்.”

அன்று மாலை லாட்ஜ் அறையிலிருந்து சரோஜாவைக் கூப்பிட்டேன். நாலு மாதமாக அவளிடம் “பிரமாதமா இருக்கேன்” என்றுதான் சொல்லி வந்திருந்தேன். “வீட்ல பேச ஆள் இல்லடி, எப்ப வர்ற?” என்றேன். மறுமுனையில் குழந்தை சிணுங்கியது. அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே அவள் சொன்னாள்: “இதைச் சொல்ல அந்தமானுக்கா போகணும்?” பச்சைக்குழந்தையை விட்டு அவளால் வர முடியாது என்பதால் நான் கரூர் வந்து, அங்கிருந்து புனேக்கு ரயில் ஏறினேன். இந்தக் கட்டுரையை எழுதுவது பேரனின் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான். அவனும் விசில் மாதிரித்தான் பேசுகிறான்.

போக நினைப்பவர்களுக்கு: ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி. கப்பல் அட்டவணை வாரத்துக்கு வாரம் மாறுகிறது, ஆகவே போர்ட் பிளேயரில் இரண்டு நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் கவுண்டருக்கு அடையாள அட்டையும் நகலும் அவசியம். லாங் ஐலண்டுக்குச் சில்லறையாகப் பணம் கொண்டுபோங்கள். விமானம் நீங்கலாக ஆறு நாளில் எனக்கு ஆனது 9,300 ரூபாய். சிக்னல் மூன்றாவது தூண். யாராவது பொட்டலம் கொடுத்தால் மறுக்காதீர்கள். அது இல்லாமல் அந்த ஜெட்டியில் இறங்கினால் உங்களை வந்து கூட்டிப்போக யாருக்கும் காரணம் இருக்காது. முக்கியமாக, வழிக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

இதில் எவ்வளவு உண்மை என்று கேட்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். பனைமர அலை பொய். பேசிய முதலை பொய். நகம் வெட்டியது பொய். கரூரில் நாலு மாதம் சக்கரவர்த்தியாக இருந்தேன் என்றது எல்லாவற்றிலும் பெரிய பொய். மீதியை நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஜெட்டியிலேயே ஒருவர் நம்பவில்லை. ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் சத்தியமான உண்மை.

மீனில் உப்பு சரியாகத்தான் இருந்தது.